கங்காவின் அம்மா ஊற்றாத தண்ணீர்

பதிவு கொஞ்சம் நீளம். பாரிஸில் இருப்பவர்கள் மெட்ரோவில் போகும்போது படிக்கலாம். இங்கே இருப்பவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டுப் படியுங்கள், அவசரமில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண் போலீஸில் புகார் கொடுத்த செய்தி வந்தது. வந்த பத்து நிமிடத்தில் நம்மவர்களே கேட்ட கேள்விகள் என்ன தெரியுமா? "அந்த நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை?" "இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தாள்?" "நல்ல குடும்பத்துப் பையன் ஆயிற்றே?" அந்தப் பெண்ணை நமக்கு யாருக்கும் தெரியாது. அந்தப் பையனையும் தெரியாது. ஆனால் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று தீர்ப்பு மட்டும் வந்துவிட்டது.

நான் அங்கே ஒரே ஒரு வரி எழுதினேன்: "எல்லோரும் ஒருமுறை 'சில நேரங்களில் சில மனிதர்கள்' பாருங்கள்." உடனே தனிப்பட்ட முறையில் நாலைந்து பேர் கேட்டார்கள். "டீச்சர், அது எந்தப் படம்?" "அத்தை, வளர்ந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்கலாமா?" "அதில் எல்லாருமே தப்பானவர்கள் என்று கேள்விப்பட்டேனே, அதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வது?" எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

2022-இல் இதே பெயரில் ஒரு படம் வந்தது. நான் சொல்வது அதை அல்ல. 1977-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். கதை, திரைக்கதை, வசனம், பாடல் எல்லாம் ஜெயகாந்தன். இயக்கம் பீம்சிங். இசை எம்.எஸ்.விஸ்வநாதன். கங்காவாக நடித்த லட்சுமிக்கு அந்தப் படத்துக்காகத்தான் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.

ஜெயகாந்தன் நமக்கு அந்நியர் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்தவர். இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் ஊர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அவருக்கு 1972-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிக் கொடுத்ததும் இதே நாவல்தான். பின்னாளில் ஞானபீட விருதும் வந்தது. பள்ளிக்கூடம் ஒரு மனிதனுக்கு எவ்வளவு கொடுக்கும், எவ்வளவு கொடுக்காது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்துகொண்டு பார்ப்பதால் இந்தப் படத்துக்கு ஒன்றும் குறையாது.

ஒரு மழை நாள். கல்லூரியில் படிக்கிற கங்கா பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள். காரில் வந்த ஒருவன் ஏறிக்கொள்ளச் சொல்கிறான். ஏறுகிறாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு முழுசாகப் புரியும் முன்பே எல்லாம் நடந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதுகொண்டே சொல்கிறாள். அம்மா வாய்விட்டு அலற, அண்ணன் காதில் விழ, அண்ணன் அவளை வீட்டை விட்டே துரத்திவிடுகிறான். தாய்மாமா ஒருவர் அழைத்துக்கொண்டு போய்ப் படிக்க வைக்கிறார். கங்கா பெரிய உத்தியோகத்துக்கு வருகிறாள். ஆனால் அந்த மாமாவின் பார்வை மாமாவின் பார்வையாக இல்லை. "உன்னைக் கெடுத்தவன் யாரென்று உன்னால் கண்டுபிடிக்க முடியுமா?" என்கிற மாதிரி அவர் சீண்ட, அவள் உண்மையிலேயே தேடிக் கண்டுபிடிக்கிறாள். அவன் பிரபு. பணக்காரன், குடிப்பவன், மனைவியும் வளர்ந்த பெண்ணும் உள்ளவன். அரக்கனாக இருப்பான் என்று எதிர்பார்த்தால், தன்மேல் தனக்கே மரியாதை இல்லாத ஒரு பலவீனமான மனிதன் வந்து நிற்கிறான். அவனோடு அவளுக்கு ஒரு விசித்திரமான சிநேகம் உண்டாகிறது. கடைசியில் கல்யாணம் கட்டிச் 'சுபம்' போடவில்லை.

இந்தப் படத்துக்குப் பின்னால் இன்னொரு கதை இருக்கிறது. என் பதிவே அதற்காகத்தான்.

ஜெயகாந்தன் 1966-இல் ஆனந்த விகடனில் 'அக்னிப் பிரவேசம்' என்று ஒரு சிறுகதை எழுதினார். அதே மழை, அதே கார், அதே பெண். ஆனால் அந்தக் கதையில் அம்மா வேறு மாதிரி நடந்துகொள்கிறாள். பதறுகிறாள், கோபப்படுகிறாள். அப்புறம் மகளை உட்கார வைத்துத் தலையில் தண்ணீரை ஊற்றிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. தமிழ்நாடே கொந்தளித்தது. ஒரு தாய் எப்படி இதை மன்னிக்கலாம் என்று கண்டனம் மேல் கண்டனம்.

தலைப்பைக் கவனித்தீர்களா? பெயர் அக்னி. கதைக்குள் இருப்பது தண்ணீர். சீதையை நெருப்பில் இறங்கச் சொன்ன நாட்டில், ஒரு ஏழைத் தாய் நெருப்பை எடுத்துவிட்டுத் தண்ணீரை வைத்தாள்.

கண்டித்தவர்களுக்கு ஜெயகாந்தன் கொடுத்த பதில்தான் நாவல் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். "சரி, நீங்கள் சொல்கிறபடியே அம்மா கூச்சல் போடட்டும். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள்" என்று சொல்வது போல இருக்கிறது அது. நாவலுக்குள் கங்காவே அந்தச் சிறுகதையைப் பத்திரிகையில் படிக்கிறாள். அது தன் கதை என்று தெரிந்துகொள்கிறாள். அம்மாவிடமும் அதைப் படிக்கக் கொடுக்கிறாள். அன்றைக்கு நீ ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்குமே என்பதுதான் அவள் மனசில் ஓடுவது.

மழை ஒன்று, கார் ஒன்று, பெண்ணும் ஒன்றுதான். ஒரு அம்மா ஐந்து நிமிடம் நடந்துகொண்ட விதம் மட்டும் மாறியது. அதில் ஒரு முழு வாழ்க்கை மாறிவிட்டது.

இனி, "எல்லாருமே தப்பானவர்கள்" என்ற புகாருக்கு வருகிறேன்.

வகுப்பில் கதை நடத்தி முடித்ததும் கரும்பலகையில் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் நல்லவர்கள், அந்தப் பக்கம் கெட்டவர்கள் என்று எழுதும் வழக்கம் எல்லாப் பள்ளியிலும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு அது வேண்டும்தான். ஆனால் பெரிய வகுப்புக்கு வந்ததும் நான் உங்களிடம் வேறு கேள்வி கேட்பேன், ஞாபகம் இருக்கிறதா? "கோவலன் நல்லவனா கெட்டவனா?" என்று கேட்க மாட்டேன். "கோவலன் என்ன செய்தான்? அந்த இடத்தில் வேறு என்ன செய்திருக்கலாம்?" என்றுதான் கேட்பேன். ஏனென்றால் இளங்கோ அந்தக் கோட்டைப் போடவே இல்லை. மனைவியை விட்டுப் போனவன்தான் காப்பியத் தலைவன். மதுரை போகும் வழியில் தன் தப்பை உணர்கிறவனும் அவனேதான். விசாரிக்காமல் கொல்லச் சொன்ன பாண்டியன், தப்பென்று தெரிந்த அந்த நிமிடமே சிம்மாசனத்திலிருந்து விழுந்து உயிரை விடுகிறான். அவனை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

பிரான்சில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு உதாரணம். விக்தோர் உய்கோ 1862-இல் எழுதிய 'லே மிசெராப்ல்' நாவலை அங்கே உங்கள் பிள்ளைகள் பள்ளியில் படித்திருப்பார்கள். அதைத் தமிழில் 'ஏழை படும் பாடு' என்று கொடுத்தவர், இதே புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தில் பல ஆண்டுகள் இருந்த சுத்தானந்த பாரதியார். அது 1950-இல் படமாகவும் வந்தது. நாகையா நாயகன். ஜாவர் என்ற இன்ஸ்பெக்டராக சீதாராமன் நடித்தார். அப்புறம் ஆயுசுக்கும் அவர் பெயரே ஜாவர் சீதாராமன் ஆகிவிட்டது. கதையில் ழான் வல்ழான் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடி அகப்படுகிறான். பாதிரியார் அவனைக் காட்டிக்கொடுக்காமல், "மெழுகுவர்த்தித் தண்டுகளையும் உனக்குத்தானே கொடுத்தேன், ஏன் விட்டுவிட்டுப் போனாய்?" என்கிற பாவனையில் அதையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அந்த ஒரு செயலில் ஒரு திருடன் மனிதனாகிறான். இன்ஸ்பெக்டருக்கு மட்டும் உலகத்தில் இரண்டே கட்டம்தான்: குற்றவாளி, நிரபராதி. வல்ழானை எந்தக் கட்டத்திலும் அடைக்க முடியாமல் போனபோது அவரால் உயிரோடு இருக்கவே முடியவில்லை.

பாதிரியார் கொடுத்த அந்தத் தண்டுகளும் அந்த அம்மா ஊற்றிய தண்ணீரும் ஒன்றுதான் என்பேன். நாம் பெரும்பாலும் ஜாவர் பக்கம்தான் நிற்கிறோம். எந்தக் கட்டம் என்று கேட்கிறோம்.

'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற தலைப்பைத் தமிழ்ப் பாடமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல என்றும் இல்லை, கெட்ட என்றும் இல்லை. சில என்பது மட்டும் இருக்கிறது. பயனிலையும் இல்லை. சில நேரங்களில் சில மனிதர்கள் என்ன செய்வார்கள்? அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டார். ஒவ்வொரு பாத்திரமும் தன் செயலால் அதை நிரப்புகிறது.

பீம்சிங் இதை எடுத்தார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். பாகப்பிரிவினை, பாசமலர், பாவ மன்னிப்பு, பாலும் பழமும் என்று குடும்பப் பாசத்தையும் தியாகத்தையும் காட்டி நம் அம்மாக்களையெல்லாம் அழ வைத்தவர். பாசமலர் அண்ணன் தங்கைக்காக உயிரையே கொடுக்கிறான். அதே இயக்குநரின் படத்தில் கங்காவின் அண்ணன் தங்கையை வாசலுக்கு வெளியே தள்ளுகிறான். முதல் அண்ணனைப் பார்த்து நாம் அழலாம். இரண்டாவது அண்ணனைப் பார்த்தால்தான் நம் வீட்டு அண்ணன்களைப் பற்றி யோசிப்போம். அவன் ஒன்றும் வில்லன் இல்லை. பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊருக்குப் பயந்து வாழ்கிற சாதாரண ஆள். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் ஒன்று போதும், சாதாரண ஆள் அவ்வளவு பெரிய கொடுமையைச் செய்துவிடுகிறான்.

ஆனால் குறையுள்ள மனிதர்கள் என்று சொல்லி எல்லாரையும் ஒரே தராசில் வைத்து மன்னித்துவிடவும் கூடாது. இதில்தான் பல பேர் தடுமாறுகிறார்கள். மூன்று பேரைத் தனித்தனியாகப் பாருங்கள்.

அம்மா: பயத்தில் அலறியவள். அவளுக்கு வேறு வழி யாரும் சொல்லித்தரவில்லை. பிறகு மகளோடுதான் காலம் தள்ளுகிறாள். அவளைப் புரிந்துகொள்ளலாம், மன்னிக்கவும் செய்யலாம்.

பிரபு: வருத்தப்படுகிறான், வெட்கப்படுகிறான், தன்னையே கேவலமாகப் பேசிக்கொள்கிறான். ஸ்ரீகாந்த் அவ்வளவு நன்றாகச் செய்திருப்பார், நமக்கே இரக்கம் வந்துவிடும். ஆனால் வருத்தப்பட்டதால் செய்தது இல்லையென்று ஆகிவிடாது. புரிந்துகொள்வது வேறு, விடுதலை கொடுப்பது வேறு. தன் வாழ்க்கையைக் கங்கா அவனைச் சுற்றியே கட்டிக்கொள்கிறாளே, அந்த இடத்தில் எனக்கு ஜெயகாந்தனோடு உடன்பாடு இல்லை. சட்டம் படித்த என் மாணவி ஒருத்தி, "டீச்சர், காயப்படுத்தினவனையே ஆறுதலாகவும் காட்டினால், பார்க்கிற பெண்ணுக்கு என்ன தோன்றும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. உங்கள் பெண்ணோடு படம் பார்த்தால் அந்தக் கேள்வியையும் சேர்த்துப் பேசுங்கள். பெரிய எழுத்தாளர் என்பதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. அவரே யாருக்கும் தலையாட்டாத மனிதர்.

மூன்றாவது ஆள் மாமா. ஒய்.ஜி.பார்த்தசாரதி நடித்தது. என்னைக் கேட்டால், இந்தப் படத்தில் பயப்பட வேண்டியது காரில் வந்தவனைப் பார்த்து மட்டும் இல்லை, இந்த மாமாவைப் பார்த்தும்தான். சட்டம் தெரிந்தவர், சாஸ்திரம் பேசுபவர், படிக்க வைத்த புண்ணியவான். "அவர் இல்லாவிட்டால் நாம் தெருவில் நின்றிருப்போம்" என்று அம்மா கும்பிடுகிறவர். அந்த நன்றியைத்தான் அவர் கயிறாகத் திரிக்கிறார். வெளியில் சொன்னால் யார் நம்புவார்கள்? கடைசியில் கங்காவே எதிர்த்து நிற்க வேண்டியிருக்கிறது. அவளுக்கு உத்தியோகம் இருந்தது, சம்பளம் இருந்தது, அதனால் முடிந்தது. பத்து வயசுப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

இது பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் செய்தவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர்தான். உறவினர், பக்கத்து வீட்டார், குடும்ப நண்பர், வேலை கொடுத்தவர். நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதோ "தெரியாத அங்கிள் சாக்லேட் கொடுத்தால் வாங்காதே" என்பது மட்டும். தெரிந்த அங்கிளைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஏன் என்றால் அவர் போன தீபாவளிக்குப் பட்டுப்பாவாடை எடுத்துக் கொடுத்திருப்பார்.

எல்லாரும் ஒன்று நல்லவர், இல்லாவிட்டால் கெட்டவர் என்று பழக்கிய பிள்ளையால் இந்த மாமாவைப் புரிந்துகொள்ளவே முடியாது. "மாமா நல்லவர். அப்படியென்றால் தப்பு என்மேல்தான் இருக்க வேண்டும்" என்றுதான் அந்தப் பிள்ளை நினைக்கும். இதனால்தான் இப்படிப்பட்ட படங்களை வளர்ந்த பிள்ளைகளோடு பார்க்க வேண்டும் என்கிறேன். ஒரே ஆள் பள்ளிக்கூடக் கட்டணமும் கட்டலாம், அக்கிரமமும் செய்யலாம். கட்டணம் கட்டியதற்கு நன்றி சொல்லிவிட்டு, அக்கிரமத்துக்குப் புகார் கொடுக்கலாம். இந்த இரண்டும் சேர்ந்து ஒரு மனிதனிடம் இருக்கும் என்று ஒரு பதினாலு வயசுப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தால், அதுவே அவளுக்குக் காவல். பையன்களும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். பிரபு எப்படி உருவாகிறான் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

இன்னொரு விஷயம். சிறுகதையில் வரும் அம்மா தண்ணீர் ஊற்றினாள், சரி. ஆனால் விஷயத்தை வெளியே விடாமல் மூடியும் வைத்தாள். 1966-இல் அவளுக்கு அதுதான் முடிந்தது. இன்றைக்கு அதையே செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பதினெட்டு வயசுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் 2012-இல் வந்த போக்சோ சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸுக்குத் தெரிவித்தாக வேண்டும். அம்மா அப்பாவுக்கும் அது பொருந்தும், டீச்சருக்கும் பொருந்தும். பிள்ளையின் பெயரையோ படத்தையோ வெளியிடுவதும் குற்றம். அந்த வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. ஃபோனில் பதிந்து வையுங்கள், காசு கிடையாது.

அப்படியானால் இன்றைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்றால் என்ன? பிள்ளை அழுதுகொண்டு வந்து நின்றால் முதல் வார்த்தையாக "நீ ஏன் போனாய்?" என்று கேட்காமல் இருப்பது. "நீ சொன்னதை நம்புகிறேன், உன்மேல் தப்பில்லை" என்று சொல்வது. சாப்பிட வைத்து, பக்கத்தில் படுக்க வைப்பது. டாக்டரிடமும் போலீஸிடமும் அதே கையைப் பிடித்துக்கொண்டு போவது. தண்ணீர் முதலில், சட்டம் கூடவே. ஒன்றுக்காக மற்றதை விட்டுவிடக் கூடாது.

நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. புதுச்சேரி சின்ன ஊர். முத்தியால்பேட்டையில் தும்மினால் முதலியார்பேட்டையில் "நூறு வயசு" என்பார்கள். கல்யாணப் பேச்சு வந்தால், அதுவும் பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை என்றால், பெண்ணைப் பற்றி நாலு தெரு தள்ளி விசாரிப்பார்கள். அந்த விசாரணைக்குப் பயந்து எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறார்களோ! முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் நான். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று பின் பெஞ்சுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், அது பாடம் புரியாததால் மட்டும் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை யாரிடமாவது சொல்லலாமா என்று ஆள் தேடிக்கொண்டிருக்கும். நாம் வீட்டில், குழுவில், பந்தியில் மற்ற பெண்களைப் பற்றிப் பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டேதான் தேடும். "அவளுக்கு அங்கே என்ன வேலை?" என்று நீங்கள் எழுதியதை உங்கள் வீட்டுப் பிள்ளையும் படிக்கிறது. அந்த நிமிடமே அது முடிவு செய்துவிடும்: இவர்களிடம் சொல்லக் கூடாது.

குழுவில் எழுதியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் என் மனிதர்கள்தான். எனக்கு உடம்பு முடியாதபோது இட்லி கொண்டுவந்து கொடுத்தவர்களும் அதில் இருக்கிறார்கள். நானே சொன்னபடி, நல்லவர் கெட்டவர் என்று கோடு போட இங்கேயும் எனக்கு விருப்பமில்லை. செய்ததை மட்டும் சொல்கிறேன்: அந்த வரிகளை அழித்துவிடுங்கள். இன்றைக்கே. அந்தப் பெண் யாராக இருந்தாலும் அவளுக்கும் ஒரு அம்மா இருப்பாள். அவள் கையில் குடம் இருக்கிறதா இல்லையா என்பது நமக்குத் தெரியாது.

படத்தை வளர்ந்த பிள்ளைகளோடு பாருங்கள். மெதுவாகப் போகும், பொறுமை வேண்டும். நாகேஷ் எழுத்தாளராக வருவார், சிரிக்க வைப்பார் என்று காத்திருக்க வேண்டாம். பார்த்து முடித்ததும் டிவியை அணைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்த வீட்டில் நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?" பிள்ளைகள் சொல்லும் பதிலை இங்கே கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன். வழக்கம் போல எழுத்துப் பிழையும் பார்ப்பேன், மார்க் போட மாட்டேன்.

நல்லா இருங்கள் எல்லோரும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்